முதல் பால் டைகருக்கு

போன ஆவணியில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் குடி மாறினோம். எனக்கு அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. கணவர் கடலூர்ப் பக்கத்துக் குடிகாட்டில் இருக்கும் தன் பழைய கம்பெனிக்கே பஸ்ஸில் போய்வருவதாக ஏற்பாடு. எங்களுக்குக் குழந்தை இல்லை, டைகர்தான். பேர்தான் டைகர், மிக்ஸி போட்டால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிற நாட்டு நாய். குட்டியில் கண்டதையும் தின்றுவிட்டுச் சாகக் கிடந்தான். அதிலிருந்து, நான் "சாப்புடுறா" என்று சொன்னால்தான் தட்டில் வாய் வைக்க வேண்டும் என்று பழக்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

சிதம்பரத்தில் வீடு தேடிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வாடகை பேசி முடியும், அட்வான்ஸ் பேசி முடியும். "ஒரு நாய் இருக்குங்க" என்றதும் கதவு பாதி மூடிவிடும். ஒரு வீட்டில், "நாய உங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வாங்களேன்" என்றார்கள். "உங்க புள்ளய அப்புடி வுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். "இப்புடி வாயக் குடுத்துக்கிட்டே இரு, பஸ் ஸ்டாண்டுலதான் குடித்தனம் பண்ணணும்" என்றார் கணவர்.

கடைசியில் புரோக்கர் ஒரு மாடி வீட்டைக் காட்டிவிட்டு, காதோடு சொன்னார்: "அக்கா, ஓனரம்மா மாசம் தவறாம வடலூர் போறவுங்க. சுத்த சைவம். நாய் கீய்னு வாயத் தொறக்காதீங்க. மொதல்ல பால் காய்ச்சிடுங்க. பால் பொங்குன வூட்ட யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

சைவ வீடு என்றாலே நாய் ஆகாது என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன். கீழ் வீட்டில் குடியிருக்கும் ஓனரம்மா, "வூட்ல எத்தன பேரும்மா?" என்று கேட்டபோது, "ரெண்டே பேருதாங்க" என்றேன். கணவர் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார்.

பால் காய்ச்சும் நாளில் டைகரைக் கடலூரில் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வாரம் போனதும் மெல்லக் கூட்டிவந்துவிடலாம் என்பது என் திட்டம். டைகர் என்ன செய்தான் தெரியுமா? தம்பி வீட்டிலிருந்து நழுவி வந்து, சாமான் ஏற்றிய வண்டியில் மெத்தைக்குப் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டான். வண்டிக்காரருக்கே தெரியவில்லை.

மாடியில் அடுப்பு மேல் பால். சுற்றி ஓனரம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். பால் பொங்கி வருகிற நேரம் பார்த்து, படியேறி நாலுகால் பாய்ச்சலில் வந்து என்மேல் தாவினான் டைகர்.

"ஐயோ, யாரு நாய்ம்மா இது?" என்றார் ஓனரம்மா.

"தெரியலீங்க. தெருநாய் போலருக்கு."

அதோடு விட்டேனா? நம்ப வைக்க வேண்டுமே! புது வீட்டுக்கென்று வாங்கிய துடைப்பத்தை எடுத்து, "ச்சீ, போ" என்று முதுகில் ஒன்று போட்டேன். அதுவரை அவன்மேல் நான் கை ஓங்கியதுகூட இல்லை. அவன் ஓடவில்லை, கத்தவில்லை. மல்லாந்து, வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

ஓனரம்மா துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். "வாயில்லா ஜீவனப் போயி அடிக்கிறியேம்மா!" சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய முதல் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆற்றி, அவன் முன்னால் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என் மேலதாம்மா. ஒனக்கு நாய்னா பயம்னு தெரியாம போச்சு. தெனம் நாலஞ்சு நாய்ங்க எங்க வாசல்லதான் சாப்புடும். அது புடிக்காமதான் முன்ன இருந்தவுங்க காலி பண்ணாங்க. சொன்னா நீயும் வரமாட்டியோன்னு சொல்லாம வுட்டுட்டேன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.

டைகர் பாலைத் தொடவில்லை. எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, வாயில் எச்சில் வழிகிறது. "பசியோட இருக்கு, ஆனா குடிக்க மாட்டேங்குதே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஓனரம்மா தவிக்கிறார். கணவர் என்னையே பார்க்கிறார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் என் புளுகு அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், வீடும் போகலாம். சொல்லாவிட்டால் அவன் பசியோடு அப்படியேதான் உட்கார்ந்திருப்பான்.

"சாப்புடுறா டைகரு" என்றேன்.

மடமடவென்று குடித்தான். ஓனரம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, பசியில இருக்கான்" என்றவர், துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுக் கீழே போனார். நான் டைகர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் என் கையை நக்கினான்.

அதே வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். அந்த அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டைகரும் என் காலடியில்தான் தூங்குகிறான். ஆனால் காலையில் பெருக்குவதற்கு நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், சத்தமில்லாமல் எழுந்து கீழ் வீட்டுக்குப் போய்விடுவான். பெருக்கி முடித்த பிறகுதான் வருவான். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தாலே கிடைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக, என்னைத் தேடி வண்டியேறி வந்தவனை யாரென்று தெரியாது என்று சொன்னேனே என்ற வெட்கம், அவன் படியிறங்கிப் போகும்போதெல்லாம் எனக்குப் புதிதாக வருகிறது.