தண்ணீர்க் கழிவு

நான் வானத்தில் ஒரு மேகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அம்மா தேயிலை எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மலைமேல் இருக்கும் எங்கள் மஞ்சூரில், அதுவும் ஜூலை மாதத்தில், இதைவிடக் கேலிக்கு இடம் கொடுக்கிற செய்தி இருக்க முடியாது. "ஏனம்மணி, இங்க கதவத் தொறந்தா ஊட்டுக்குள்ளயே வந்து உக்காருதே, அந்த மேகம் உனக்குப் பத்தலியா?" என்று அம்மாவோடு கொழுந்து பறிக்கும் அக்கா கேட்டாள். இது வேறு மேகம் என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போது சிரிக்க முடிந்தது.

என்னுடைய மேகம் விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே, ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் பரவியிருக்கும் வாயு. அதை நேரில் பார்க்க முடியாது. அதற்கும் பின்னால் வெகு தொலைவில் குவேசர் என்று மிகப் பிரகாசமான ஒன்று இருக்கும். அதன் ஒளி வரும் வழியில் அந்த வாயுவைக் கடந்தால் சில நிறங்கள் மட்டும் விழுங்கப்பட்டுவிடும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைந்தால் அந்த இடங்களில் பள்ளம் விழும். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடமாக நான் செய்த வேலை பள்ளம் தேடுவதுதான்.

மார்ச்சில் ஒரு குவேசரில் இரண்டு பள்ளங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. வாயுவில் மக்னீசியம் இருந்தால் அப்படித்தான் விழும். லேசில் பாராட்டாத என் கைடே "நல்லா வந்திருக்கும்மா" என்றார். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த மேகத்தின் மேல்தான் நின்றது. கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போக வேண்டும். செப்டம்பரோடு உதவித்தொகை முடிகிறது.

அமைதியாக எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தது என் புத்தி. குந்தா மின்திட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான். கரண்ட் மட்டும் எங்களைத் தாண்டிச் சமவெளிக்குப் போய்விடும். சிக்னல் வேண்டுமென்றால் குடையோடு பஸ் நிறுத்தம் வரை ஏற வேண்டும்.

புதன்கிழமை மதியம், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக, அதே இரவில் எடுத்த இன்னொரு குவேசரின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தேன். அது வானத்தின் வேறு மூலையில் இருப்பது. அதிலும் அதே இடத்தில் அதே இரண்டு பள்ளங்கள். வேறு வேறு பக்கம் எரியும் இரண்டு விளக்குகளிலும் ஒரே கறை தெரிந்தால், கறை நம் ஜன்னல் கண்ணாடியில்தான் இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஒரு மணி நேரம் மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் அந்த இரவின் பதிவேட்டைத் திறந்தேன். தொலைநோக்கி இருந்த மலையில் அன்று காற்றில் ஈரம் வழக்கத்தைவிட மிக அதிகம். நம் பூமியின் காற்றில் இருக்கும் நீராவியும் ஒளியை விழுங்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். நானும் கழித்திருந்தேன், வறண்ட ஓர் இரவுக்கான அளவை வைத்து. நான்கு நாள் கொடியில் கிடந்தாலும் பாவாடை காயாத ஊரில் பிறந்து வளர்ந்தவள், காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்காமல் விட்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கைடு இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது குவேசரைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டால் இதழிலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். அப்படி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். சாயங்காலம் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு அம்மா மழைக்குப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் சாக்கைக் கழற்றிப் போட்டபடி கோபத்தோடு வந்தாள். "இன்னைக்கும் மழத்தண்ணின்னு கழிச்சுப்போட்டானுங்க. நானென்ன தண்ணியவா பறிச்சேன்?" மழைக்காலத்தில் கொழுந்தை நிறுக்கும்போது, இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று எடையில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள். அதுதான் தண்ணீர்க் கழிவு. ஜூலை முழுக்க எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான்.

எனக்கிருந்த எரிச்சலில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப அது தூரத்துல இருக்கற மேகமில்லியா?"

"இல்லம்மா. நம்ம காத்துல இருக்கற ஈரம். நான் சரியாக் கழிக்கல."

"சரியாக் கழிச்சா மிச்சம் எவ்வளவு?"

"இன்னும் பாக்கல."

"பாக்காம என்னத்துக்குக் குந்திக்கிட்டிருக்கே?"

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள். கோபத்தோடேயே மடிக்கணினியைத் திறந்து, அந்த இரவின் ஈரத்துக்கு உரிய அளவை வைத்துக் கழித்தேன். கோடு தட்டையாக ஓடியது. நம்பாமல் இரண்டு முறை திரும்பச் செய்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே மிச்சமில்ல" என்றேன். அவள் போய் உலை வைத்தாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நின்று கைடுக்குப் போன் செய்தேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதிவேட்டைப் பாக்கலையாம்மா?"

"இல்லைங்க சார்."

"கட்டுரைய நிறுத்திடலாம். நீங்க கால நீட்டிப்புக்கு எழுதிக் குடுங்க."

உதவித்தொகை இல்லாத கால நீட்டிப்பு. ஐந்து வருடம் பள்ளம் தேடியவளுக்குக் கையில் ஒரு பள்ளம்கூட இல்லை. குடைக்குள் நின்று அழுதேன். ஊட்டி பஸ்ஸுக்கு நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

இறங்கி வரும் வழியில்தான் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "ஏனம்மணி, உன்ற மேகம் எப்பப் பேப்பர்ல வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள், தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொன்னாள்: "அது தண்ணிக் கழிவுல போயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அக்கா தன் சாக்கைக் காலால் நகர்த்தி, கூரைக்கு அடியில் நான் நிற்க இடம் விட்டாள்.