லெய்சரின் செருப்புக் கயிறு

லெய்சர் புக்ஸ்பானுக்கு நான் பதினான்கு வருடம் மேடைக்குக் கீழிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தேன். போலந்தின் யூத நாடக மேடைகளில், வார்சா முதல் வில்னா வரை, அவர் பெயர் சொன்னாலே அரங்கம் நிறையும். ‘தோல் வியாபாரி’ நாடகத்தில், மகள் மதம் மாறிவிட்டாள் என்று கேட்டதும், அவள் செத்துப்போனதாகவே எண்ணி யூத வழக்கப்படி துக்கம் காக்க, அப்பா தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவார். கிரோட்னோவில் ஒருநாள் செருப்புக் கயிற்றில் நிஜமாகவே முடிச்சு விழுந்துவிட்டது. லெய்சர் அதோடு மல்லுக்கட்டினார், சிரித்தார், பிறகு உடைந்து அழுதார். அன்றிலிருந்து ஜனங்கள் அந்த முடிச்சுக்காகவே வந்தார்கள்.

எங்கள் குழுவிலேயே நடித்து, பிறகு சினிமா இயக்கப் போன யோனா அவருடைய உயிர் நண்பன். 1937இல் அந்த நாடகத்தைப் படமாக்கினான்.

“உன்னை விட்டா யாருடா இருக்கா? முதல்ல நாலு நாள் நடிச்சுக் காட்டு, கேமரா சோதனைக்கு.”

லெய்சர் மனம் கொள்ளாத சந்தோஷத்தோடு நடித்துக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: முகம் படத்துக்கு எடுபடவில்லையாம். அமெரிக்காவிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள்.

பியாலிஸ்டோக்கில் படம் பார்க்க நானும் கூடப் போனேன். அமெரிக்கக்காரர் கயிற்றோடு மல்லுக்கட்டினார், சிரித்தார், உடைந்து அழுதார். லெய்சர் நடித்துக் கொடுத்த சோதனைச் சுருளைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். லெய்சர் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் மேடையில் அவர் குனிந்து கயிற்றைத் தொட்டதும் பால்கனியிலிருந்து ஒருவன் கத்தினான்: “யோவ், சினிமாக்காரனைக் காப்பி அடிக்காதேய்யா!”

சபை சிரித்தது.

லெய்சர் வார்சாவுக்குப் போய், நடிகர் சங்கத்து உணவறையில் யோனாவைப் பிடித்தார்.

“கிரோட்னோவுல நீ பக்கத்துலதானே நின்னே?”

“முடிச்சு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? பட முதலாளிங்க அமெரிக்கக்காரரைத்தான் கேட்டாங்க, நான் என்ன பண்றது?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, யோனா.”

“சொன்னா நடிச்சுக் காட்டியிருப்பியா?”

லெய்சர் தட்டிலிருந்த மீனைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாடகத்தை அவர் போடவில்லை. கிறுக்கு மாமனார், குடிகாரத் தரகர் என்று சிரிப்பு வேடங்கள் கட்டினார். கூட்டம் குறையவில்லை. ஆனால் புதிதாக ஏதாவது தோன்றினால் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகப் பழகிப் பார்ப்பார். ஒருமுறை அவர் தாழிடும் முன் வழக்கம்போல் நாடகப் பிரதியோடு உள்ளே போனேன்.

“வெளியில நில்லும்மா, பைலா,” என்றார்.

நின்றேன்.