அக்காவின் வகுப்பும் கல்லூரியின் விளம்பரமும்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக மன்றாட வந்திருக்கும் உங்களுக்காகத் தம்பி நான் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அம்மா. என்னால் முடியுமென்று தோன்றவில்லை.

பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தார். கூலிம் தொழிற்சாலையொன்றின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் கற்பிக்கப் போனார். மாணவர்கள் வாய் நிறையப் பெரிய வார்த்தைகள் பேசினார்கள். சரக்கு தாமதமானால் வாடிக்கையாளரை அழைத்துப் பேசத் தெரியவில்லை. "இதுங்கள யாருடா வேலைக்கு எடுப்பா?" என்று என்னிடம் புலம்புவார்.

அதனால் செர்டாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை மேலாளரைப் பார்த்தார். கடைசிப் பருவம் முழுவதும் மாணவர்கள் அங்கே வேலை பழக வேண்டும், வரும் புகார்களை அவர்களே தீர்க்க வேண்டும் என்று கேட்டார். அவரும் சம்மதித்தார். அப்போதே அக்காவுக்குப் புற்றுநோய். கீமோ முடிந்த களைப்போடும் என் காரில் ஆலைக்கு வந்தார்.

அந்த ஏற்பாட்டுக்குக் கல்லூரி இயக்குநர் கையெழுத்துப் போடவில்லை. என் எதிரிலேயே சொன்னார்: "மேடம், அங்க ஒரே எண்ணெ வாடைலா. போட்டோவுல நல்லாவா இருக்கும்? பினாங்கு ஹோட்டல்ல டின்னர் வெப்போம், நாலு கம்பெனி பாஸுங்கள கூப்பிடுவோம், போதும்."

விருந்து நடந்தது. தின்றார்கள், கைகுலுக்கினார்கள், பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கும் வேலை கிடைக்கவில்லை.

"பிள்ளைங்கள மில்லுக்கு அனுப்பிட்டாங்களா தம்பி?" என்று மருத்துவமனையில் அக்கா கேட்டார். இல்லை என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த நினைவு மலருக்கு அந்தக் கல்லூரி ஒரு பக்க இரங்கல் செய்தி அனுப்பியது. மூலையில் அக்கா, நடுவில் கோட்டு போட்ட இயக்குநர். கீழே, 'வேலைக்கேற்ற கல்வி! மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.' செத்தவர் பெயரிலும் ஆள் பிடிக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"பெரியவங்க படம் இல்லாம நம்ம ஆளுங்க மலர் போடமாட்டாங்களே அண்ணே," என்றார் அச்சகத் தம்பி. "இது பெரியவங்க படம் இல்லாமத்தான் வரும்," என்றேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், வீடு தேடி வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அந்த ஆலை மேலாளருக்கும் நன்றி. இன்றைய திருப்பலிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் வேலை பழக அக்கா கேட்ட இடத்தை இப்போதும் தரத் தயாராம், கல்லூரியின் கையெழுத்து வேண்டாமாம். அக்காவின் மாணவர்களே, பூசை முடிந்ததும் சாப்பாட்டுக்கு ஓடாதீர்கள். முதலில் அந்த மேலாளரிடம் போய்ப் பேசுங்கள்.