அதியாத்தின் கைநாட்டு

ஆலைகள் நிறைந்த ஷுப்ரா அல்-கைமா ஊரின் நீதிமன்ற வாசலில் மேஜை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். இருபத்தாறு வருடமாகிறது. எந்த வக்கீல் எந்த வழக்கைத் தொடுவார், யார் தொட்டால் வழக்கு படுத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விவாகரத்துக்கு வக்கீல் வேண்டுமென்று வாசலில் நின்று சொன்னால் போதும், பத்துப் பேர் ஓடி வருவார்கள். வேலையில் கை போனவனுக்கு வக்கீல் கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்துப் பேருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்.

அதியாத் என் மேஜைக்கு வந்தது ஏப்ரல் மாதம். நாற்பத்தெட்டு வயது, விதவை. தக்காளி விழுது அடைக்கிற தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில், மூடி வெட்டுகிற எந்திரத்தில் பதினாலு வருடம் நின்றவள். மார்ச் மூன்றாம் தேதி அந்த எந்திரம் அவளுடைய வலது கட்டைவிரலை அடியோடு எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மேஸ்திரி, அவள் மயங்கிக் கிடந்த நேரத்தில், "வீட்டுக் கதவில் நசுங்கியது" என்று சொல்லி அப்படியே எழுத வைத்துவிட்டான். ஒரு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கேட்டைத் திறக்கவில்லை.

"உன்னை யாருன்னே தெரியலையேம்மான்னுட்டான் அண்ணே, அந்தக் கணக்கப்பிள்ளை ஸாபிர்! தினம் காலைல எம் பேருக்கு நேரா கோடு போட்டவன். எம் பொண்ணு கல்யாணத்துல ரெண்டு தட்டு சோறு தின்னவன்!"

வேலையில் பட்ட காயம் என்று அரசாங்கத் தாளில் ஏறினால் அவளுக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. ஏறாவிட்டால் அவள் கதவில் விரலை நசுக்கிக்கொண்ட ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். பிடிப்பதற்கு விரலில்லாத கையை எந்தத் தொழிற்சாலை சேர்க்கும்?

"சரி, பதினாலு வருஷத்துல கம்பெனி உனக்கு ஒரு காகிதம்கூடக் குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"அவங்க எங்க குடுத்தாங்க? நான்தான் குடுத்தேன். சேர்ந்த அன்னிக்கு மூணு வெத்துத்தாள்ல கைநாட்டு வச்சுக் குடுத்தேன். எல்லாப் பொம்பளைங்களும் வச்சோம்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் இது தெரிந்த கதை. எழுதத் தெரிந்தவர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்குவார்கள், தெரியாதவர்களிடம் வெறுந்தாளில் ரேகை வாங்குவார்கள். என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு முதலாளி அதில் வேண்டியதை எழுதிக்கொள்வார். இதை எழுத எழுத எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இருந்தாலும் மனசு கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வக்கீல் ஷவ்கி. பெயர்ப்பலகை ஜன்னலைவிடப் பெரிது. ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்தார். "கதவுன்னு போட்டிருக்கே. கதவு மேல கேஸ் போடவா?" என்று தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அடுத்தது வஜ்தி. அவர் பொறுமையாகக் கேட்டார். வெறுந்தாளில் கைநாட்டு என்றதும் எழுந்து நின்று, "அம்மா, உன் கழுத்தை நீயே அறுத்துக் குடுத்துட்டு வந்திருக்கே. போய்ப் பிள்ளைங்களைப் பாரு" என்றார். படியிறங்கும்போது அதியாத் கறுப்புச் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மூன்றாவதாகத்தான் மைஸாவிடம் போனோம். முதலிலேயே போகாததற்கு என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குஷாரி என்கிற பருப்புச் சோறு விற்கிற கடைக்கு மேலே சின்ன அறை. வெங்காயம் பொரிகிற வாசனை மேல்மாடிவரை வரும். முப்பத்தைந்து வயதுப் பெண், தொழிலாளி வழக்கு மட்டும்தான் எடுப்பாள். அதனால் எப்போதும் ஒரே ஜோடிச் செருப்பு.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு வக்காலத்துத் தாளை எடுத்து வைத்தாள். மைப்பெட்டியைத் திறந்தாள். அதியாத் சால்வையை விலக்காமல் இடது கையை நீட்டினாள். மைஸா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, கம்பெனியில எந்தக் கை விரலை வச்சீங்க?"

"வலதுதான். எல்லாரையும் வலது கட்டைவிரல்தான் வைக்கச் சொன்னாங்க. ஏம்மா?"

மைஸா ஆஸ்பத்திரித் தாளை மறுபடி படித்தாள். 'வலது கட்டைவிரல் துண்டிப்பு, மார்ச் 3' என்ற வரியில் நகத்தை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"ஸக்கி மாமா, நோட்டீஸ் எழுதுங்க. வேலையில விரல் போச்சு, நஷ்ட ஈடு வேணும்னு கேளுங்க. தொகையைப் பெருசாப் போடுங்க. கடைசியில ஒரு வரி: இந்தக் காயத்துக்காக இவங்களுக்கு ஏதாவது குடுத்து எழுதி வாங்கியிருந்தா, அந்தத் தாளைக் கோர்ட்டுல காட்டுங்க."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். "அவங்க கையில வெத்துத்தாள் இருக்கு. என்ன எழுதணும்னு நீயே சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமா மாமா. இன்னார்னே தெரியாதுன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருந்தா நான் எதை வச்சு ஜெயிக்கிறது? அவங்க எழுதணும். நல்லா விளக்கமா எழுதணும். நீங்க எழுதுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

திட்டிக்கொண்டேதான் எழுதினேன். அவள் கணக்கு எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. பிடிபட்டதும் மேஜையிலேயே சிரித்துவிட்டேன். மனு எழுத வந்தவன் பயந்துபோய்ப் பக்கத்து மேஜைக்குப் போய்விட்டான்.

வழக்கு ஜூனில் வந்தது. கம்பெனி வக்கீல் ஒரு தாளை நீட்டினார். 'இந்தத் தொழிற்சாலையில் மூடி எந்திரத்தில் வேலை பார்த்த அதியாத் என்கிற நான், மார்ச் 3-ஆம் தேதி அந்த எந்திரத்தில் எனக்கு ஏற்பட்ட காயத்துக்கு உரிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, என் விருப்பப்படி விலகுகிறேன்.' தேதி மார்ச் 20. கீழே ஒரு கைநாட்டு, கோடு கோடாக, தெளிவாக. ஸாபிரின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதியாத் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

நீதிபதி மைஸாவைக் கேட்டார். "இந்த ரேகையை மறுக்கிறீங்களா?"

"இல்லைங்க ஐயா. இது இந்தம்மாவோட ரேகைதான்."

கம்பெனி வக்கீலுக்கு முகமெல்லாம் பல். "சந்தேகம்னா நிபுணர்கிட்ட அனுப்பலாம் ஐயா. வலது கட்டைவிரல். எங்க நடைமுறையே அதுதான்."

"வலது கட்டைவிரல்னு வக்கீல் ஐயா சொன்னதை எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள் மைஸா. குமாஸ்தா எழுதினார். பிறகு அவள் ஆஸ்பத்திரித் தாளை மேஜையில் வைத்தாள். அதியாத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதியாத் சால்வையைப் பிரித்தாள். நான்கு விரல் கையைத் தூக்கிக் காட்டினாள். நீதிபதி பார்த்து முடிக்கிறவரை இறக்கவில்லை. மார்ச் 3-இல் போன விரல் மார்ச் 20-இல் எப்படித் தாளில் பதிந்தது என்று நீதிபதி கேட்டார். அந்த வக்கீல் தன் கோப்பை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

நூறு பெண்களின் வலது கட்டைவிரல் கம்பெனியின் வெறுந்தாள் கட்டுக்குள் கிடந்தது. ஸாபிர் அவள் பெயர் போட்ட தாளை உருவி எழுதியிருக்கிறான். எல்லாக் காகிதத்திலும் வலது கட்டைவிரல் இருப்பது அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. விரலுக்குச் சொந்தக்காரியை ஒருவரும் நினைக்கவில்லை.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. அந்தத் தாள் பொய். ஆனால் அவள் அங்கே வேலை பார்த்ததையும், மூடி எந்திரத்தில்தான் அடிபட்டாள் என்பதையும் கம்பெனியே தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டது. வேலையில் பட்ட காயம்தான், பென்ஷன் உண்டு. நடையில் நின்று அதியாத்துக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மைஸா அவளைக் கட்டிக்கொண்டாள். நான் மூவருக்கும் டீ சொன்னேன்.

அதியாத் டீயைத் தொடவில்லை. வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதே மோதிர விரல் போயிருந்தா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "என்ன போயிருந்தா?"

"கட்டைவிரல் இருந்திருக்கும்ல. அந்தத் தாளும் இருந்திருக்கும். அப்போ நான் சொன்னதை யாராவது நம்பியிருப்பாங்களா?"

மைஸாவைப் பார்த்தேன். அவள் குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். கட்டைவிரல் இருந்திருந்தால் அவளாலும் ஜெயித்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுக்கிறவன் நான்.

"மாட்டாங்கம்மா" என்றேன்.