பூண்டுக் காட்டில் மேய்ந்த மாடு

கால் முறிந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். இன்றுவரை அதை நினைத்தால் கூசுகிறது.

பக்கத்துக் கட்டிலில் பூம்பாறைப் பெரியவர் ஒருவர். திருப்பூரிலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. நான் நகைச்சுவை சொன்னால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். என் வாசகர்களும் அப்படித்தான் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. தினமும் அவருடைய பக்கத்துக் காட்டுக்காரர் பஸ் பிடித்து வந்து கத்துவார்.

“ஏலே, உன் பூண்டுக் காட்டுல என் மாடு மேயுது. தெம்பிருந்தா வந்து வெரட்டு!”

“வாரேன்டா, உன் கால ஒடிக்க!”

காலொடிந்த எனக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸிடம் புகார் சொல்லி அந்த ஆளை உள்ளே விடாமல் செய்தேன். வார்டு அமைதியானது. பெரியவர் மூன்று நாள் கஞ்சியைத் தொடவில்லை.

நான்காம் நாள் நானே நர்ஸிடம் கெஞ்சி அந்தக் காட்டுக்காரரை உள்ளே விடச் சொன்னேன்.

“ரெண்டு பாத்தி காலிடா!” என்றார் வந்தவர்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “கஞ்சியக் கொண்டாம்மா. இவன விடக்கூடாது.”

காட்டுக்காரர் கிளம்பும்போது அவரிடம் மெதுவாகக் கேட்டேன், “நிஜமாவே மாடு மேயுதுங்களா?”

“மாடு செத்து ஒரு வருசமாச்சு. அவனுக்கும் தெரியும். நீங்க உங்க சோலியப் பாருங்க.”

அன்று மாலை நண்பர்கள் எனக்கு ஆப்பிளும் ஆறுதலும் கொண்டுவந்தார்கள். திட்ட ஒருவரும் வரவில்லை.