கமா இல்லாத கல்

காலை 6.40. மாமல்லபுரத்தில் எங்கள் சிற்பக்கூடத்துக்குள் நுழைந்தபோது, ரிசார்ட் மேனேஜர் ஒன்பதடிக் கருங்கல் மீது குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"எட்டு எழுத்து இருக்கு. கமா எங்க சார்? படிக்கிறவங்க எங்க மூச்சு விடுவாங்க?"

நாளிதழில் புரூஃப் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இங்கே கல்லில் வெட்டும் எழுத்துகளைச் சரிபார்க்கிறேன். இது மேலிருந்து கீழாகப் படிக்கும் ஒரு சீனப் பழமொழி. எங்களில் யாருக்கும் சீனம் தெரியாது. எட்டு எழுத்தும் எட்டுத் தாள்களில், எண் போட்டு வந்தன. ஒவ்வொன்றையும் கோடு கோடாக எண்ணிக் கையெழுத்திட்டவன் நான்.

"பழைய சீனத்துல நிறுத்தக்குறி கிடையாது சார். நாலு எழுத்து, அதுக்கு ஜோடியா இன்னொரு நாலு. நாலு முடிஞ்சதும் நாக்கு தானா நிக்கும்."

"எங்க எம்.டி.க்கு நிக்காது. ஒண்ணு வெட்டுங்க. பத்து மணிக்குத் திறப்பு விழா."

ஏழுமலை உளியை எடுத்தார். இருபது வருடமாக எழுத்து மட்டுமே வெட்டுபவர். இந்தக் கல் தேறினால் ரிசார்ட்டுக்கு இரண்டு சிங்கங்கள் அவர் கையால் என்று பேச்சு.

கமாவுக்கு இடம் குறிக்க நடுவில் சாக்பீஸை வைத்தபோதுதான் கவனித்தேன். நான்காம் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் முதல் எழுத்து இருந்தது, தலைகீழாக. அதுவும் ஐந்தாம் எழுத்தும் தலையோடு தலை முட்டி நின்றன.

நீளக் கல் என்றால் இருவர் இரு முனைகளில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவிலிருந்து தத்தம் பக்கமாக வெட்டி வருவது எங்கள் வழக்கம். தமிழென்றால் தலை எது, கால் எது என்று கண்ணே சொல்லிவிடும். சீனத்தில் ஏழுமலையும் அவர் மச்சான் கோபாலும் ஆளுக்கு நாலு தாளைத் தங்கள் பார்வைக்கு நேராக ஒட்டி வெட்டியிருந்தார்கள்.

"இன்னா மச்சான், உன்து தலைகீழா கீது!" என்றார் ஏழுமலை.

"என்து நேராத்தான் கீது. நீதான் எதிர்ல குந்திகினு இருந்த."

"சிங்கம் போச்சு," என்று ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் நிமிரவில்லை. "அது டிசைன்னு நெனச்சேன். கமா?"

"கமா வரவேண்டிய இடத்துல கட்டரை வை, ஏழுமலை," என்றேன்.

கல் இரண்டானது. ஒரு பாதியைத் திருப்பி நிறுத்தினோம். ஒன்று முதல் நான்கு, ஐந்து முதல் எட்டு, எல்லாம் வரிசையாக நின்றன. வாசலின் இருபுறமும் ஜோடியாக வைப்பது சீனர்களின் பழைய வழக்கம்தான். முதல் பாதி வலப்பக்கம்.

9.50க்கு ரிசார்ட் வாசலில் மேனேஜர் மறுபடி வந்தார். "கமா?"

"நடுவுல கார் போற வழி இருக்கே, அதுதான் சார்."

அகலத்தை அடியால் அளந்துபார்த்தார். "எம்.டி.க்குப் பிடிக்கும்."

புரூஃப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று: எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகு, எட்டி நின்று முழுவதையும் ஒருமுறை பாருங்கள். நான் அன்றுதான் கற்றேன்.

ஏழுமலை இப்போது முதல் சிங்கத்தின் பிடரியை வெட்டிக்கொண்டிருக்கிறார்.