உருளைக்கு டயல் கேஜ் வைத்தவன்

மண்ணை அமுக்கும் உருளை ஒன்றைப் பழசாக வாங்க, கையில் கோணல் அளக்கும் டயல் கேஜோடு பழைய இரும்புக் குஜரிக் கடைக்குப் போன முட்டாள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். மயிரிழை கோணினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ரிடையரான பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சப்பாத்தி வட்டமாக இருக்கிறதா என்று நான் ஸ்கேல் வைத்துப் பார்த்த வாரத்தில்தான் என் மனைவி ஹொஸ்கோட்டே பக்கம் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறாள். தோட்டங்களுக்குப் புல்தரை வளர்த்துப் பத்தை பத்தையாக விற்கும் தொழில். முதலாளி அவள். சின்ன டிராக்டருக்கு டிரைவர் நான்.

முதல் பெரிய ஆர்டர் அப்போதுதான் வந்தது, அதுவும் பாதிதான் வந்தது. ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குப் புல் வேண்டும். நட்ட பதினைந்தாம் நாள் அவர்களுடைய சூப்பர்வைசர் வந்து இழுத்துப் பார்ப்பார். வேர் பிடித்திருந்தால் ஆர்டர் எங்களுக்கு. கையோடு வந்துவிட்டால் வேறு ஆளுக்கு. புல்லை நட்ட கையோடு உருளை ஓட்டி அமுக்கினால்தான் வேர் மண்ணோடு ஒட்டும். நாங்கள் நட்டு முடித்த அன்று, வாடகைக்கு உருளை தருகிறேன் என்றவர் கையை விரித்துவிட்டார். இரண்டு நாளில் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

குஜரிக் கடையில் மூன்று உருளைகள் கிடந்தன. முதலாவது பச்சைப் பெயின்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. டயல் கேஜை வைத்து உருட்டினேன். முள் அசையவே இல்லை, துளிக் கோணல் கிடையாது.

“இதுதான்!” என்றேன்.

கடைக்கார பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், இத்தினி வருஷமா கடை வெச்சிருக்கேன். ரோலருக்கு ஈசிஜி எடுத்த மொத ஆளு நீங்கதான்.”

என் மனைவி சிரிக்கவில்லை. “பாய், ஹோஸ் இருக்கா? தண்ணி ரொப்பிப் பாக்கணும்.”

உருளைக்கு உள்ளே தண்ணீர் நிரப்பினால்தான் அமுக்குகிற எடை வரும். அதை நான் மறந்தே போயிருந்தேன். நிரப்பிய கால் மணி நேரத்தில் மாப்பிள்ளைக்கு மூன்று இடத்தில் ஒழுகியது. உள்ளே துரு, மேலே ஓட்டையை அடைத்த பட்டி, அதற்கும் மேலே பெயின்ட்.

“நானும் ஏமாந்துதான் வாங்கிருக்கேன் அக்கா” என்றார் பாய்.

இரண்டாவதில் தண்ணீருக்குப் பதில் கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். “இத இழுத்தா நம்ம டிராக்டரு முன் சக்கரத்தத் தூக்கிடும். மண்ணும் ரோடு ஆயிடும்” என்று அவள் நகர்ந்துவிட்டாள்.

மூன்றாவது முழுக்கத் துரு. நடுவில் கீழே போட்ட குடம் மாதிரி ஒரு நசுங்கல். டயல் கேஜ் முள் குத்தாட்டம் போட்டது.

“ரிஜெக்ட்” என்றேன்.

“பள்ளந்தானே? உள்ள போனது ஒண்ணும் பண்ணாது. மேடு இருந்தாத்தான் புல்ல நசுக்கும். குறுக்கால இன்னொரு தடவ ஓட்டினா தடமே தெரியாது” என்றாள் அவள்.

தண்ணீர் நிரப்பினோம். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் உருட்டும்போது ஒரு பக்கம் கடக் கடக்கென்று சத்தம். குனிந்து அசைத்துப் பார்த்தேன். அச்சு நேராக இருந்தது. அதைத் தாங்கும் வளையமான புஷ்தான் தேய்ந்திருந்தது.

“இத உங்களால சரி பண்ண முடியுமா?” என்றாள். அவள் என்னிடம் கேள்வி கேட்பதே அபூர்வம். மற்றதெல்லாம் உத்தரவு. முடியும் என்றேன், உருளையை வாங்கிவிட்டோம்.

அன்று சாயங்காலமே பீன்யாவில் என் பழைய சகா வைத்திருக்கும் லேத் பட்டறையில் நானே வெண்கலத்தில் ஒரு புஷ் கடைந்தேன். அதை வாங்கி அளந்தவனுக்கு வாயெல்லாம் பல். “எத்தினி வாட்டி என் சாமான வாபஸ் அனுப்பிருப்ப! ரிஜெக்ட்டு. போய் வேற ஒண்ணு கடைஞ்சு கொண்டா.” இரண்டாவது புஷ்தான் பாஸானது.

மறுநாள் அதை மாட்டி நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை ஓட்டினேன். உருளை சத்தமே போடாமல் பின்னால் வந்தது. அவள் சொன்ன மாதிரி தடமும் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் சூப்பர்வைசர் வந்தார். குந்தி உட்கார்ந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். இலை கிழிந்து கையோடு வந்தது, வேர் வரவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் இழுத்தார். அங்கேயும் அப்படித்தான்.

“சென்னாகிதே மேடம், நல்லா இருக்கு. ஆர்டர் உங்களுக்குத்தான்” என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், தினமும் ஆஸ்பத்திரிகளுக்குப் புல் விற்கிறவள் மாதிரி. ரிடையரான அன்று கழுத்தில் மாலை விழுந்தபோதுகூட என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. அவள் கண்ணும் என் புஷ்ஷும் சேர்ந்து அரை ஏக்கரைப் பிடித்து வைத்திருந்தன. உலகத்துக்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

சூப்பர்வைசரின் பைக் கிளம்பியதும் கேட்டேன்: “இனிமே எந்த மெஷின் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிட்டுப் போவல்ல?”

“வாங்க, பை தூக்க ஆள் வேணும்.”